நெவெனா கேட்காத கேள்வி

கொப்பரையில் பால் இளஞ்சூட்டுக்கு இறங்கியதும் உறை ஊற்றுவது நெவெனாவின் வேலை. பதினோரு வருடமாக அந்தத் தயிர்க்கூடத்தில் வேறு யார் கையும் உறைப் பாத்திரத்தைத் தொட்டதில்லை. வெப்பமானியைப் பார்க்க மாட்டாள். புறங்கையைக் கொப்பரையின் பக்கத்தில் வைத்து, "இப்போ" என்பாள். சரியாக இருக்கும்.

அன்றும் அப்படித்தான் கையை வைத்தாள். ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போல அடிவயிற்றில் ஒரு வலி பிடித்தது. பாத்திரத்தை மேடையில் வைத்துவிட்டு, மேலங்கிகூட எடுக்காமல் பனி கிடந்த முற்றத்தின் குறுக்கே ஓடினாள். வேலைக்காரர்களுக்கான கழிவறை முற்றத்தின் அந்தக் கோடியில் இருந்தது. கூடத்துக்குள்ளேயே இன்னொன்று உண்டு. அது முதலாளி கோஸ்தாதினுடையது, எப்போதும் பூட்டியே இருக்கும்.

"காலையில இருந்து இது நாலாவது தடவ!" என்று கோஸ்தாதினின் குரல் பின்னால் கேட்டது. "அங்க என்ன, புதையலா தோண்டுற?"

தயிர்க் குப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். அவர்கள் மனதில் விஷம் இல்லை. சிரித்த கையோடு மறந்தும் விடுவார்கள். நெவெனாவால்தான் மறக்க முடியாது.

அன்றும் மலத்தோடு ரத்தம் போயிற்று. நெவெனா கைகளை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவினாள். கழுவிக் கழுவி, மணிக்கட்டு வரை தோல் வெடித்திருந்தது.

அவள் திரும்பி வந்தபோது கோஸ்தாதின் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "அடுத்த வாரத்தோட எல்லாரோட சுகாதாரப் புத்தகமும் காலாவதியாகுது. வெள்ளிக்கிழமைக்குள்ள ஆய்வகத்துல சோதனைக்கு மலம் குடுத்து, புத்தகத்துல புது முத்திரை வாங்கிடுங்க. முத்திரை இல்லாத கை என் பாலைத் தொடக் கூடாது, சொல்லிட்டேன்."

நெவெனா வெடித்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

எட்டு மாதத்துக்கு முன்பு அவள் யாருக்கும் தெரியாமல் தலைநகர் சோஃபியாவுக்குப் பேருந்து ஏறி ஒரு மருத்துவரைப் பார்த்திருந்தாள். குழாய் விட்டுப் பார்த்துவிட்டு, பெருங்குடலின் உள்சுவரில் புண்ணும் அழற்சியும் இருப்பதாக அவர் சொன்னார். ஏன் வந்தது என்று கேட்டாள்.

"உறுதியாச் சொல்ல முடியாதும்மா. குடல்ல இருக்கிற பாக்டீரியாவுக்கும் இதுல பங்கு இருக்கலாம்னு சொல்றாங்க..."

அவர் மேலும் ஏதேதோ சொன்னார். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நெவெனாவின் காதில் எதுவும் ஏறவில்லை. பாக்டீரியா! உறை என்பதே அதுதானே? காலையில் ஒரு கரண்டி ஊற்றினால் மதியத்துக்குள் கொப்பரை முழுவதையும் அது பிடித்துக்கொள்வதைத் தினமும் பார்ப்பவள் அவள். நல்லது அப்படிப் பரவும் என்றால் கெட்டது பரவாதா? 'இது மத்தவங்களுக்குத் தொத்துமா?' என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டால்? கேட்காமலே எழுந்து வந்துவிட்டாள்.

மருந்துச் சீட்டு, வீட்டில் தேவமாதாவின் திருப்படத்துக்குப் பின்னால் கிடந்தது. ஊரில் இருந்தது ஒரே மருந்துக்கடை. அந்தக் கடைக்காரியின் காதில் விழுவதும் கோயில் மணியில் கட்டிவிடுவதும் ஒன்றுதான். மருந்துக்குப் பதிலாக நெவெனா மூன்று வேளையும் தயிர் குடித்தாள். தயிர் வயிற்றைச் சுத்தம் செய்யும் என்று அந்த ஊரில் பிறந்த எல்லோரும் நம்பினார்கள். அவளும் நம்பினாள். ரத்தம் நிற்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். கதவுப் பிடி, கரண்டி, பேருந்துக் கம்பி எல்லாம் அவளைப் பயமுறுத்தின. பக்கத்து வீட்டு ஸ்லத்தினாவின் குழந்தை ராய்னாவைப் பிறந்த நாளிலிருந்து ஒருமுறைகூட அவள் தூக்கவில்லை.

ஆனால் அந்த வீட்டுக்குத்தான் அன்று மாலை போக வேண்டியிருந்தது.

"ஒரு உதவி வேணும். சிரிக்கக் கூடாது" என்று ஆரம்பித்து, தனக்கு என்ன வேண்டும் என்பதைச் சொன்னாள்.

ஸ்லத்தினா கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஏன்டி, பக்கத்து வீட்டுல உப்பு கேப்பாங்க, முட்டை கேப்பாங்க. இதக் கேட்டு வந்தவ ஒலகத்துலயே நீ ஒருத்திதான்!"

"ரெண்டு நாளா வயித்துப்போக்குடி. முத்திரை கிடைக்கலன்னா வேலை போயிடும். என் வீட்டுக்காரர் ஆசென் ஸ்பெயின்ல சும்மாவா கஷ்டப்படுறார்?"

ஸ்லத்தினாவின் கணவனும் அங்கே அதே ஊரில் அதே பழத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். அந்தப் பேச்சு வந்ததும் அவளுக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மறுநாள் காலையில் ஆய்வகத்துச் சிறு டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினாள். "இந்தா. ரோஜாத் தைலம் மாதிரி பத்திரமா எடுத்துட்டுப் போ. அதுக்கு முன்னாடி இவள ஒரு நிமிஷம் பிடி, கோழிக்குத் தீனி போட்டுட்டு வந்துடுறேன்."

நெவெனா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். "கை ஈரமா இருக்கு."

"உன் கை எப்பப் பாரு ஈரமாத்தான் இருக்கு" என்றாள் ஸ்லத்தினா. ஏழு மாதக் குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு கோழிக்கூட்டுப் பக்கம் நடந்தாள். அவள் முகம் வாடியதை நெவெனா கவனித்தாள். கவனித்தும் டப்பாவோடு படியிறங்கினாள்.

மார்ச் முதல் தேதி பிறந்தது. வசந்தத்தை வரவேற்க, ஊரில் எல்லோர் மணிக்கட்டிலும் சிவப்பும் வெள்ளையுமாக நூல் ஏறியது. அதற்கு மறுநாள் கோஸ்தாதின் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

"உக்காரு. ஆய்வகத்துல இருந்து பேசினாங்க. உன்னோடதுல சால்மோனெல்லா இருக்காம்."

நெவெனா நாற்காலி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வெளிய நோய் எதுவும் தெரியாமயே சிலர் வயித்துல அது இருக்குமாம். பயப்படாத. கொப்பரை எல்லாத்துலயும் மாதிரி எடுத்துட்டுப் போயிருக்காங்க. முடிவு வர்ற வரைக்கும் கூடத்தப் பூட்டணும். நீ வீட்டுல இரு. அது சரியான ஒடனே வேலைக்கு வா. யாருக்குத்தான் வரல?"

வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கிருமி அவளுடையது அல்ல. அவளுடைய நோயைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியாது. சில வாரம் வீட்டில் இருந்தால் போதும், வேலையும் போகாது. நெஞ்சில் இருந்த பாறை இறங்கியது போல இருந்தது. தேவமாதாவின் முன் மெழுகுவர்த்தி ஏற்றக்கூட நினைத்தாள்.

வாசலை நெருங்கும்போது பக்கத்து வீட்டிலிருந்து ராய்னாவின் அழுகை கேட்டது. வீறிட்டு அழுகிற அழுகை இல்லை. அழத் தெம்பில்லாமல் முனகுகிற அழுகை.

"நேத்துல இருந்து பேதி. உடம்பு கொதிக்குது" என்றாள் ஸ்லத்தினா. "பல்லு முளைக்குதுல்ல, அதான். அரிசிக் கஞ்சித் தண்ணி குடுத்துட்டு இருக்கேன். ரெண்டு நாள்ல போயிடும்."

குழந்தையின் உதடு காய்ந்திருந்தது. கண்கள் குழி விழுந்திருந்தன. மெல்லிய மணிக்கட்டில் சிவப்பு வெள்ளை நூல் தொளதொளவென்று தொங்கியது. நெவெனா வாசற்படியிலேயே நின்றாள். இது பல் முளைப்பதால் வந்ததல்ல என்பது இந்த உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சொன்னால் டப்பா மாற்றியது வெளியே வரும். ஏன் மாற்றினாய் என்று கேட்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்?

'அம்மா தாயே' என்று மனதுக்குள் கூப்பிட்டாள்.

"ஸ்லத்தினா, இது பல்லு இல்ல. ஆய்வகத்துல சால்மோனெல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க. அது என்னோடது இல்லடி. உன்னோடது. உன்கிட்ட இருந்துதான் குழந்தைக்கு வந்திருக்கணும். ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

ஸ்லத்தினா ஒரு கணம் அவளையே பார்த்தாள். "எப்பத் தெரியும் உனக்கு?"

"இப்பத்தான். சத்தியமா இப்பத்தான்."

அந்தத் தெருவில் வண்டி வைத்திருந்தவர்கள் யாரும் வீட்டில் இல்லை. நெவெனா கோஸ்தாதினுக்குப் போன் செய்தாள். பத்து நிமிடத்தில் அவரே பால் வண்டியை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்.

மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு மணி நேரப் பாதை. அந்த ஒரு மணி நேரத்தில் நெவெனா எல்லாவற்றையும் சொன்னாள். சோஃபியா, ரத்தம், டப்பா, எதையும் விடவில்லை. கோஸ்தாதினின் கழுத்து நரம்பு புடைத்தது.

"பொய்ச் சாம்பிளா? என் கூடத்துலயா? பாலர் பள்ளிக்குப் போற தயிரு அது, தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணே." அவள் குரல் உடைந்தது. அத்தோடு வயிறும் முறுக்கியது. "அண்ணே... கொஞ்சம் வண்டிய நிறுத்த முடியுமா?"

அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். வியர்த்து வெளிறிக் கிடந்தது. அடுத்த பெட்ரோல் பங்கில் வண்டியை ஒதுக்கினார். அவள் ஓடிய ஓட்டத்தை அவர் அன்றுதான் முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்காகக் காத்திருந்தது மூன்றே நிமிடம். ஆனால் அந்த மூன்று நிமிடமும் ராய்னா முனகியதை ஸ்லத்தினாவும் கோஸ்தாதினும் பிறகு மறக்கவே இல்லை.

குழந்தைக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றினார்கள். "நாளைக்குக் கொண்டு வந்திருந்தா ரொம்பக் கஷ்டமாப் போயிருக்கும்" என்றார் டாக்டர் எவ்திமோவா. ஆறாம் நாள் ராய்னா சிரித்தாள்.

நெவெனாவிடமிருந்தும் மாதிரி எடுத்திருந்தார்கள். அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டர் அவளைக் கூப்பிட்டார். "உங்களுக்குத் தொத்துற கிருமி எதுவும் இல்ல. உங்களோடதையே குடுத்திருந்தா அப்பவே முத்திரை கிடைச்சிருக்குமே."

"ஆனா என் நோய்... அது பாக்டீரியாவால வர்றதுதானே டாக்டர்? மத்தவங்களுக்குத் தொத்தாதா?" எட்டு மாதம் தொண்டையில் அடைத்திருந்த கேள்வி ஒருவழியாக வெளியே வந்தது.

"தொத்தாது" என்றார் டாக்டர், தெளிவாக. பிறகு நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "உறை ஊத்துறவங்களுக்கு இது சுலபமாப் புரியும். நம்ம எல்லார் குடல்லயும் கோடிக்கணக்குல பாக்டீரியா குடியிருக்கு. பாதிக்கு மேல நமக்கு வேலை செய்யுறதுங்கதான். சிலருக்கு அந்தக் கூட்டத்துல சமநிலை மாறிடுது. உடம்பே அதுங்களோட சண்டைக்குப் போய், தன் குடலையே புண்ணாக்கிக்குது. அப்படித்தான் இருக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க நினைக்கிறாங்க. முழுக்க இன்னும் யாருக்கும் தெரியாது. ஆனா கை பட்டா, கரண்டி பட்டா இது இன்னொருத்தருக்குப் போகாது. தயிர் ஒத்துக்கிச்சுன்னா சாப்பிடுங்க. மருந்துக்குப் பதிலா சாப்பிடாதீங்க. எட்டு மாசத்த வீணாக்கிட்டீங்களே!"

நெவெனா மேசையில் தலை கவிழ்ந்து அழுதாள்.

கொப்பரைகளில் கிருமி இல்லை என்று முடிவு வந்தது. பொய்ச் சாம்பிளுக்காகச் சுகாதார அலுவலகம் கோஸ்தாதினுக்கு எழுத்தில் எச்சரிக்கை அனுப்பியது. ஊர் முழுக்கப் பேசியது. மருந்துக்கடைக்காரியும் பேசினாள். ஆனால் மாத்திரையைப் பையில் போட்டுக் கொடுக்கும்போது, "என் தம்பிக்கும் இதேதான், ஆறு வருஷமா" என்று மெதுவாகச் சொன்னாள்.

மூன்று வாரம் கழித்து நெவெனா வேலைக்குத் திரும்பினாள். மேலங்கி மாட்டும் கொக்கியில் ஒரு சாவி தொங்கியது. கோஸ்தாதின் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"உள்ள இருக்கிற பாத்ரூமோடது. இனிமே அது உனக்கு. நீ பொய் சொன்னதுல எனக்கு இன்னும் கோவம்தான். அத மறைக்க மாட்டேன். ஆனா பனியில ஓடுற ஒருத்தியப் பாத்து, 'என்னம்மா செய்யுது?'ன்னு கேக்காம சிரிச்சேனே, அதுக்கு யார் எனக்கு எச்சரிக்கை அனுப்புறது?"

அன்று மாலை ஸ்லத்தினாவின் முற்றத்தில் பிளம் மரம் பூத்திருந்தது. ஊர் வழக்கப்படி, முதல் பூ பார்த்ததும் மார்ச் முதல் தேதி கட்டிய மணிக்கட்டு நூலை அவிழ்த்துக் கிளையில் கட்ட வேண்டும். ஸ்லத்தினா குழந்தையின் நூலை அவிழ்த்துவிட்டாள். கிளை உயரத்தில் இருந்தது.

"ரெண்டு கையும் வேணும். பிடி இவள."

நெவெனாவின் கை பழக்கத்தில் முதுகுக்குப் பின்னால் போனது.

"உனக்குத்தான் ஒண்ணும் இல்லன்னு ஆயிடுச்சே! அப்புறம் என்னடி?"

"பயமாத்தான் இருக்கு."

"பயந்துக்கிட்டே பிடி."

ராய்னா கனமாக, சூடாக, பால் வாசனையோடு அவள் கைகளில் வந்து விழுந்தாள். விழுந்த கையோடு அவள் மூக்கைப் பிடித்து இழுத்தாள். நெவெனாவின் கண் கலங்கியது.

"டாக்டர்கிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்க வெக்கப்பட்டேன், ஸ்லத்தினா" என்றாள். "அந்த வெக்கத்துக்கு இவ உயிரு போகப் பாத்துச்சு. உடம்புல ஒண்ணுன்னா வாயத் தொறந்து சொல்லிடணும். சொல்றவங்களப் பாத்து யாரும் சிரிக்கவும் கூடாது."