உதவாக்கரை என்ற சலுகை

வேலை முடிந்த கையோடு தம்பியின் செல்போன் ரிப்பேர் கடைக்குப் போனாள் அக்கா. கடை மாடியில் இருந்தது. வந்த கோபத்தில் படியேறியதே தெரியவில்லை. அவன் ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு, திறந்து போட்ட போனுக்குள் தலையை நுழைத்திருந்தான்.

"அப்பாவைக் காலையில பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னியே, எங்கடா போன?"

"அச்சச்சோ!" என்றான். நிமிரவில்லை.

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன மனிதர். பயிற்சி தவறினால் நடை வராது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். பாவம், தலை வாரிக்கொண்டு வாசலையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கடைசியில் அக்காதான் தையல்கூடத்தில் வெட்டிக்கொண்டிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். போய்ச் சேர்வதற்குள் அவருக்கு ஒதுக்கிய நேரம் முடிந்துவிட்டது. இன்னொரு முறை பாதியில் கிளம்பினால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார்.

"நீயெல்லாம் திருந்தவே மாட்ட. சுயநலம் பிடிச்சவன். சரியான உதவாக்கரை!"

தம்பி லென்ஸைக் கழற்றிவிட்டுச் சிரித்தான். "தெரியுதுல்ல? அப்புறம் எதுக்கு உதவாக்கரையை நம்புற?"

எவ்வளவு சுலபமாகத் தப்பிக்கிறான்! சின்ன வயதிலிருந்தே வீட்டில் அவனுக்கு அந்தப் பட்டம்தான். கொடுத்தவர்கள் திட்டுவதாக நினைத்தார்கள். அவனோ பென்ஷன் மாதிரி உட்கார்ந்து அனுபவித்தான். உதவாக்கரையிடம் யார் வேலை சொல்வார்கள்? எல்லாம் அவள் தலையில்தான் விடிந்தது. இத்தனை வருடம் அந்தப் பட்டத்தை வாய் வலிக்கக் கொடுத்துக்கொண்டிருந்த தன்மேலேயே அவளுக்கு ஆத்திரம் வந்தது.

"நீ எப்பேர்ப்பட்டவன்னு நான் கேக்கல. இன்னைக்குக் காலையில ஏன் வரல?"

"அதான் சொன்னேனே, நான் ஒரு..."

"ஏன் வரல?"

சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. ஸ்க்ரூடிரைவரை எடுத்தான், வைத்தான்.

"அலாரம் அடிச்சுது. அணைச்சுட்டுத் தூங்கிட்டேன்."

"இதை அப்பாகிட்ட சொல்லு."

"ஐயோ, வேணாம்க்கா. நீயே ஏதாவது சொல்லிடு. உதவாக்கரைன்னே சொல்லிக்கோ, பரவாயில்ல."

தூங்கிவிட்டேன் என்று சொல்ல வெட்கம்; உதவாக்கரை என்று சொல்லிக்கொள்ள வெட்கமில்லை! அவள் தன் போனில் அப்பாவை அழைத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அவன் முன்னால் தள்ளினாள்.

"அப்பா, நான்தான்... காலையில..."

"அட, விடுப்பா." அப்பாவின் குரலில் கோபமே இல்லை. "நீ வருவேன்னு நான் நினைக்கவே இல்ல. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அவன் போனை இரண்டு கையாலும் எடுத்து வாயருகே வைத்துக்கொண்டான்.

"அப்படி இல்லப்பா. தூங்கிட்டேன். நான் வந்திருக்கணும்."

பதில் வரவில்லை. அப்பா எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தார்.