ஓடுபாதையில் ஒரு திருகாணி

கீழ்வானம் வெளுத்து, இருமருங்கும் புல்நுனியில் பனித்துளி உலராதிருந்த அவ்வேளையில், கரும்பாம்பு உடல் நீட்டிக் கிடந்தாற்போலக் கண்ணுக்கெட்டிய தொலைவும் நீண்டிருந்த ஓடுபாதையின்மேல், முப்பதின்மர் ஓரணியாகித் தலைகுனிந்து, தரையைக் கண்ணால் துழாவியவாறு நடந்துகொண்டிருந்தனர். சிறு கூழாங்கல்லாயினும் வானூர்திப் பொறியின் வாய்க்குள் உறிஞ்சப்படின் அதன் குடலையே கிழித்துவிடும்; ஆதலின் நாள்தோறும் பாதையில் கிடப்பவற்றைப் பொறுக்கித் தூய்மை செய்தல் வான்படையின் கடைநிலையில் புதிதாய்ச் சேர்ந்தோர்க்கு வாய்க்கும் முதற்பணியாயிற்று.

அவ்வணியில், பேருந்து ஓட்டுநர் ஒருவரின் இளைய மகளும் இருந்தாள். ஓரிடத்தில் நில்லாத கால்களைக் கண்டு உடன்பயின்றோர் அவளைப் பம்பரம் என்றழைத்தனர். பொறிகளைக் கழற்றிப் பூட்டும் கனவோடு வந்தவள், நாற்பது நாளாகக் கல் பொறுக்கினாள். அரிசியில் கல் பொறுக்க வீட்டிலேயே இருந்திருக்கலாமே என்று தொலைபேசியில் அக்காள் நகைத்தது நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. விரும்பாதோர் விலகிச்செல்ல அன்று மாலையே இறுதிக் கெடு. பெயர் கொடுத்துவிடுவதென்று அவள் துணிந்திருந்தாள்.

அன்று விடியுமுன்பே ஒரு வானூர்தி எழுந்து சென்றிருந்தது. அடுத்தது எழுமுன் பாதையைத் துழாவியவள் கண்ணில் விரற்கடையளவு திருகாணி ஒன்று பட்டது. எடுத்துப் பையிலிட்டுப் பத்தடி நடந்தாள், மேலே நடக்க இயலவில்லை. வானூர்தியின் சக்கரத் தாங்கியில் அத்தகைய ஒன்றைப் பயிற்சி வகுப்பில் கண்ட நினைவு குடைய, அணியைக் குலைத்துக்கொண்டு அணித்தலைவியிடம் ஓடினாள்.

"உனக்கு உறுதியாத் தெரியுமா?" என்றாள் அணித்தலைவி.

"தெரியாதும்மா. ஆனா துரு இல்ல, பளபளன்னு இருக்கு. நேத்து இது இங்க இல்ல."

அணித்தலைவி திருகாணியை வாங்கிப் பார்த்துவிட்டுக் கண்காணிப்புக் கோபுரத்துக்குச் செய்தி விடுத்தாள். தீயணைப்பு வண்டிகள் ஓரத்தில் அணிவகுக்க, திரும்ப அழைக்கப்பட்ட ஊர்தி வட்டமிட்டு, தாழ்ந்து, பூப்போல் தரைதொட்டது. இரண்டு மணிநேரம் தலை முதல் வால் வரை ஆராய்ந்தும் அதில் ஓராணியும் குறையவில்லை. ஓடுபாதை விளக்குகளைச் செப்பனிடும் வண்டியின் கதவிலிருந்து கழன்றது அது என்று பின்னர்த் தெரிந்தது. களமெங்கும் நகைப்பு எழுந்தது. பம்பரம் கூனிக்குறுகி நின்றாள்.

தலைக்கவசத்தைக் கையிலேந்தி, அவ்வூர்தியைச் செலுத்திவந்த வானோடி அவளருகே வந்தார்.

"நீதான் சொன்னியா?"

"ஆமாங்கய்யா. தப்பாப் போச்சு."

"மேல இருக்கறப்ப என் சக்கரம் என் கண்ணுக்குத் தெரியாது. நாளைக்கும் இப்படி ஒண்ணு கெடச்சா, நாளைக்கும் ஓடிப்போய்ச் சொல்லு."

மொழி அமைதியாயிருந்தது, கவசம் பற்றிய விரல்களோ இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தன. நகைத்தோர் எவரும் காணாத அந்நடுக்கத்தை அவள் கண்டாள்.

அன்று மாலை, விலகுவோர் பெயர் எழுதும் அறை அடைபட்டபோது அவள் அங்கில்லை. படிப்பவரே, அவள் கால்களின் துடிப்பு அடங்கிற்றென்று எண்ணற்க. பொறிக்கூடத்தின் ஓசை கேட்கும்போதெல்லாம் நெஞ்சு அங்கே பாய்ந்துகொண்டுதான் இருந்தது. ஆயினும், தான் காணவியலாத ஒன்றைப் பிறர் கண்ணிடம் ஒப்படைத்துவிட்டு மேலே செல்லும் மனிதரின் அச்சத்தை அறிந்தபின், அவர் நாள்தோறும் மேலெழும் அவ்வோடுபாதையை விட்டகல அவளுக்கு மனம் வரவில்லை.