கருவாட்டு வரிசை

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். அதனால் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்து வள்ளங்களும் திரும்பிவிட்டன.

எங்கள் முள்ளித்துறையில் கரையிலிருந்து கூவும் சொற்களில் சிலவற்றைக் காற்று தின்னும்; அவை கடலில் விழுந்து கரைந்துவிடும். கடலிலிருந்து கரைக்கு வருவது எதுவும் கரையாது. போய்ச் சேரும் சொல்லும் தனியாகப் போகாது. ஐஸ் கம்பெனிச் சுவரில் முட்டிய அதன் நகல் ஒன்று தாமதமாக வந்து, அடுத்த சொல்லின் மேல் ஏறி உட்காரும். ஆகவே கூவுமேடைக்காரர் முதலில் வாளை, சூடை, பாறை, நெத்திலி என்று கூவுவார். எல்லோருக்கும் தெரிந்த மீன் பெயர்கள். அவை எப்படி வந்து சேர்கின்றன என்று பார்த்து, அன்றைய சுவர் எவ்வளவு தாமதம் என்று வள்ளக்காரர்கள் அளந்துகொள்வார்கள். பிறகு வருகிற பேச்சிலிருந்து சுவரின் பங்கைக் கழித்துக் கீழே போடுவார்கள். வள்ளத்தின் அடியில் அது அதிகம் சேர்ந்தால் இறைத்துக் கொட்டவேண்டும்.

விழுந்த சொல்லுக்கும் வழி உண்டு. பாறைகளுக்கு நடுவே நுழைய ஒவ்வொரு வள்ளத்துக்கும் நாலு திருப்பங்கள்: இடது அல்லது வலது. ஐந்தாவதாக ஒரு காவல் சொல் வைப்போம். ஐந்தையும் சேர்த்தால் வலதுகள் இரட்டைப்படையாக வரும்படி அதுவும் இடதோ வலதோ ஆகும். சொல்லுக்கு ஒரு மூச்சு. ஒரு மூச்சு வெறுமையாக வந்தால், மீதி நாலில் வலதை எண்ணி, விழுந்தது இடதா வலதா என்று சொல்லிவிடலாம். இரண்டு விழுந்தால் சொல்ல முடியாது.

அன்று காலை மூடுபனி. ஐந்து வள்ளங்கள் பாறைக்கு வெளியே நின்றன. மூத்த வள்ளத்தில் என் வீட்டுக்காரர் இன்னாசி. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. பத்து மணிக்குள் நுழையாவிட்டால் பாறை வள்ளத்தின் அடியைக் கிழித்துவிடும்.

மேடையில் கஸ்பார் அண்ணன் மூத்த வள்ளத்துக்கு ஐந்து சொற்களையும் தொடர்ச்சியாகக் கூவினார். கீழே தண்ணீரில் ஐந்து சின்னத் தெறிப்புகள். அன்றைய காற்று ஐந்து ஐந்தாகத் தின்றது. தின்ற பிறகு இருபது மூச்சு சும்மா இருந்தது. ஆனால் மூத்த வள்ளம் கொம்பு ஊதிப் பதில் சொல்லாமல் அடுத்த வள்ளத்தைக் கூப்பிடுவது எங்கள் ஊரில் மரியாதையில்லை. அண்ணன் பதிலுக்குக் காத்திருந்தார். திரும்பக் கூவினார். காற்றுக்குத் திரும்பப் பசித்திருந்தது. மூன்று தடவை. பதினைந்து தெறிப்பு.

நான் மணலில் கருவாடு புரட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து வீட்டு மீனை ஐந்து பாய்களில் காயவைப்பது என் வேலை. ஒரு வீட்டு மீனை ஒரே பாயில் போடமாட்டேன். மாடு மிதித்துவிட்டால் அந்த வீட்டுக்கு ஒன்றும் இருக்காது. பாய்க்கு ஒரு மீனாகப் பிரித்து வைப்பேன். மாடு வந்தால் வீட்டுக்கு ஒன்றுதான் போகும்.

மேடையில் ஏறினேன். "அண்ணே, நான் கூவுறேன்."

"அடுப்புல உப்புப் போட்டதையே மூணு வாட்டி கேக்கறவ நீ. எறங்கு பிரகாசி."

"அதுக்குத்தான் கேக்கேன். தள்ளுங்க."

தள்ளி நின்றார். மீன் பெயர்களைக் கூவினேன். பிறகு "கருவாட்டு வரிசை" என்று ஏழு தடவை. ஐந்து விழுந்தன, இரண்டு போயின. அது போதும், என் பாய்களின் வரிசை எல்லோருக்கும் தெரியும். ஐந்து வள்ளங்களுக்கும் முதல் சொல், பிறகு ஐந்துக்கும் இரண்டாவது சொல் என்று போனேன்.

"மூத்தவருக்கு ஒண்ணு, உடனே சின்னவனுக்கு ஒண்ணா? நாளைக்கு எவன் என்னை மதிப்பான்?" என்றார் அண்ணன்.

"நாளைக்கு இருக்கிறவங்க மதிப்பாங்க அண்ணே."

பத்தொன்பதாவது சொல்லில் காற்றுக்குப் பசித்தது. ஐந்து தெறிப்பு. வள்ளத்துக்கு ஒன்று. கடைசி இரண்டும் போய்ச் சேர்ந்தன. பனிக்குள் எண்ணும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு கொம்பு. இரண்டு. ஐந்து.

ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு கீறல் இல்லாமல், ஐந்து வள்ளங்களும் வந்தன. இன்னாசி முழங்கால் தண்ணீரில் இறங்கினார்.

"ஏட்டி, ஒரு சொல்லு வரல. ஆனா ஒண்ணும் குறையல."

கஸ்பார் அண்ணன் தன் தலைப்பாகையை அவிழ்த்து எனக்குக் கட்டிவிட்டார். என்னை மேடையோடு தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். திரும்பவும் சொல்லிவிடுகிறேன்: ஐந்து வள்ளங்களும் திரும்பிவிட்டன.

ஆனாலும் பயம் போகவில்லை. வீட்டில் நான், இன்னாசி, மகள் ஸ்தெல்லா, மகன் ரெமிஜியுஸ் என்று நாலு பேர். அதனால் காவல் சொல் மாதிரி ஐந்தாவதாக ஒருத்தியைச் சேர்த்திருக்கிறேன். எங்களில் யாராவது விழுந்துவிட்டால், மீதி மூன்று பேரை அவளோடு வைத்து எண்ணிப் போனவரை மீட்டுக்கொள்ளலாம். மீன்குழம்பு நாலு பேருக்கும் பிடிக்கும். நாலு இரட்டைப்படை, ஆகவே அவளுக்குப் பிடிக்காது. கத்தரிக்காய் மகனுக்கு மட்டும் பிடிக்கும். அவளும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். ரேஷன் கார்டில் பெயர் சேர்த்தாயிற்று. நேற்று கதவோரமாக ஒரு பாய் கேட்டாள். விரித்துக் கொடுத்தேன்.