பதினேழாம் நம்பர் உப்பு

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. வேண்டுமானால் ஒரு கைப்பிடி கல்லுப்பை வாயில் போட்டுக்கொண்டு, முகம் சுளிக்காமல், கிழக்கே பார்த்து நின்று சத்தியம் செய்யலாம். லாரியின் வேகத்தில் மட்டும் மணிக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். மற்றபடி நடந்தது நடந்தபடி.

மரக்காணம் உப்பளத்தில் தனகோடியின் வேலை உப்புக்குக் கூரை போடுவது. பாத்தியில் வாரிய உப்பைக் கரைமேல் நீளவாக்கில் குவித்து வைப்பார்கள். மழை பட்டால் அது வந்த வழியே தண்ணீராய்ப் போய்விடும் என்பதால் மேலே பனையோலை வேய வேண்டும். தனகோடி வேய்ந்த கூரையில் ஊசி இறங்காது. அந்த வருஷம் அவர் நாற்பத்திரண்டு குவியலுக்குக் கூரை போட்டிருந்தார்.

அவருக்குத்தான் கூரை இல்லை. கால்வாய்க்கரையில் இருந்த குடிசையைப் புயல் கொண்டுபோனது. பெண்சாதி அதற்கு முந்தியே போய்ச் சேர்ந்திருந்தாள். ஆகவே பதினேழாம் குவியலின் ஓலையை ஒரு முழம் தூக்கிவிட்டு, உப்பில் முதுகைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இதில் சிக்கல் காலுக்குத்தான். வலது கால் சுண்டுவிரலில் ஒரு புண், ஆறு மாதமாக ஆறவில்லை. ஆஸ்பத்திரி நர்ஸ் சாமுண்டீஸ்வரி கட்டை அவிழ்த்துப் பார்த்தாள்.

"ஒரு மாசம் காஞ்ச எடத்துல, கட்டில்ல படுக்கணும். உப்பு படவே கூடாது. மழை புடிச்சிக்கிறதுக்குள்ள ஆறலன்னா வெரல எடுத்துடுவாங்க பெரியவரே."

"எடுத்தா, அப்புறம் வைப்பாங்களா?"

"வைக்க மாட்டாங்க."

தனகோடி யோசித்தார். அறுபத்துமூன்று வருஷமாக அந்தப் பக்கம் ஐந்து, இந்தப் பக்கம் ஐந்து என்று வைத்துக்கொண்டிருந்த மனுஷன். நான்கு என்பது அவர் மனதில் நிற்கவே மாட்டேன் என்றது.

ஆவணிக் கடைசியில் ஒரு வேன் வந்தது. பக்கவாட்டில் 'வீடற்றோரைத் தேடி' என்று எழுதியிருந்தது. அதிலிருந்து நாஜியா இறங்கினாள். கூனிமேட்டுப் பெண். தெருவில் படுப்பவர்களைத் தேடிப் பிடித்து விடுதியில் சேர்ப்பது அவள் உத்தியோகம். வேன் ஓட்டியவன் ராஜவேல்.

"ஐயா, கூனிமேட்டுல எங்க விடுதி இருக்குது. கட்டில், சாப்பாடு, டாக்டர், எல்லாம் உண்டு. நாலு கேள்வி கேப்பேன், அவ்வளவுதான்."

கட்டில் என்ற சொல் காலுக்கும் கேட்டிருக்க வேண்டும். சுண்டுவிரல் விண்ணென்று தெறித்தது.

நாஜியா கையிலிருந்த டேப் கம்ப்யூட்டரை நீட்டினாள். வானத்திலிருந்து எடுத்த படம். வெள்ளைத் தரையில் நாற்பத்திரண்டு ஓலைக்கூரைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு நம்பர்.

"இதுல நீங்க எங்க படுக்கிறீங்க?"

"பதினேழுல," என்றார் தனகோடி. உப்பளத்தில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். அங்கே தெருவுக்குப் பெயர் கிடையாது. குவியலுக்கு நம்பர் உண்டு. அந்த நம்பர்தான் விலாசம்.

நாஜியா பதினேழைத் தொட்டாள். டேப் பச்சையானது. அவள் முகம் வாடியது.

"ஐயா, உங்களுக்கு வீடு இருக்குதுன்னு வருது."

"எங்க?"

"பதினேழாம் நம்பர். ஓலைக்கூரை. நல்ல நிலையில இருக்குதாம்."

தனகோடிக்கு என்ன முகம் காட்டுவதென்று தெரியவில்லை. கட்டில் போனது வருத்தம்தான். ஆனால் வானத்திலிருந்து பார்த்து ஒருவர் 'நல்ல நிலை' என்று சொன்னதும் சும்மா இல்லை.

"அது உப்பும்மா."

"தெரியுது ஐயா, கண்ணால பாக்குறேனே. ஆனா இதுல உப்புன்னு ஒரு கட்டமே இல்ல. வீடு, கடை, கோயில், பள்ளிவாசல், பள்ளிக்கூடம். இதுல ஒண்ணுதான் போட முடியும்."

"கோயில்னு போட்டுடேன்."

"அப்ப நீ சாமியாயிடுவ பெருசு," என்றான் ராஜவேல். "சாமிக்குக் கட்டில் கெடையாது."

அடுத்த வாரம் வேன் திரும்பி வந்தது. குடிசைவாசிகளுக்கு என்று நாற்பத்திரண்டு வாளி, நாற்பத்திரண்டு போர்வை. ஒவ்வொரு குவியலின் முன்னாலும் ஒரு செட்டு இறக்கினார்கள். நாற்பத்தோரு வீட்டில் ஆள் இல்லை. 'வேலைக்குப் போயிருக்கிறார்கள்' என்று டேப் தானாகவே எழுதிக்கொண்டது. கூரையில் ஒரு நம்பர் பலகையும் கட்டினார்கள். பலகைக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு கருவி. புயலில் குடிசை பறந்தால் எங்கே விழுந்தது என்று அது சொல்லுமாம்.

உப்பளச் சொந்தக்காரர் அரசப்பன் பைக்கை நிறுத்திவிட்டு வரிசையைக் கடைசிவரை பார்த்தார்.

"ஏம்பா தனகோடி. என் உப்பு எப்பலேர்ந்து குடித்தனம் பண்ணுது?"

"போன செவ்வாய்க்கெழமைலேர்ந்து மொதலாளி."

நாஜியா ஆபீசுக்குப் போன் போட்டாள். அங்கே அருண்ராஜ் என்றொருவர் விதிமுறை பார்ப்பவர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் பேசினார்.

"வீடு இருக்கறவருக்குக் கட்டில் தர முடியாது மேடம். வீடு இடிஞ்சா தரலாம். இடிஞ்சத மேலேர்ந்து எடுத்த படத்துல பாக்கணும்."

தனகோடி அரசப்பனைப் பார்த்தார். அரசப்பன் தன் உப்பைப் பார்த்தார்.

"எதையும் இடிக்க வேணாம்," என்றார் அரசப்பன். "நாளைக்கு மெட்ராஸ் லோடு வருது. பதினேழ ஏத்திடறேன். இருந்த எடம் தெரியாது. போதுமா?"

மறுநாள் காலையில் லாரி வந்து பதினேழை மொத்தமாக அள்ளிக்கொண்டது. தார்ப்பாயில் ஆள் நுழைகிற ஓட்டை. அதனால் கூரையோலையையே லோடின்மேல் போட்டுக் கட்டினார்கள். பலகையை அவிழ்க்க யாருக்கும் தோன்றவில்லை.

பதினோரு மணிக்கு நாஜியா மூச்சிரைக்க வந்தாள்.

"ஐயா, உங்க வீடு இடியல. போய்க்கிட்டிருக்குது."

"எங்க போவுது?"

"கூவத்தூர் தாண்டிட்டீங்க. மணிக்கு எழுபது கிலோமீட்டர்."

தனகோடி குனிந்து காலைப் பார்த்துக்கொண்டார். இரண்டும் கரையில்தான் ஊன்றியிருந்தன. ஆனாலும் லேசாகத் தலை சுற்றியது. போர்வை மேல் உட்கார்ந்தார்.

"மெதுவா போகச் சொல்லும்மா. எனக்கு வேகம் ஒத்துக்காது."

மாமல்லபுரத்தில் லாரி நின்றது. டேப்பில் 'ஓய்வில் இருக்கிறார்' என்று வந்தது. நாஜியா அதையும் படித்துச் சொன்னாள்.

"சாப்டேனா?"

"அது போடல ஐயா."

அருண்ராஜ் போனில் வந்தார். குரலில் ஒரு நிம்மதி. "அவரு மாவட்டத்த விட்டே போயிட்டாரு மேடம். இனிமே அவரு நம்ம ஆளு இல்ல. பேர எடுத்துடுங்க."

"அவரு என் பக்கத்துலதான் உக்காந்திருக்காரு சார்."

"அது வேற யாராவது இருக்கும்."

நாஜியா போனை வைத்துவிட்டுத் தனகோடியை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். தனகோடிக்கே சந்தேகம் வந்துவிட்டது. பேரைச் சொல்லி, அப்பா பேரைச் சொல்லி, அத்தாட்சிக்குக் காலையும் நீட்டிக் காட்டினார். புண்ணைப் பார்த்ததும் அவள் நம்பினாள். கடல் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. புண்ணைச் சுற்றி வீக்கம் ஒரு விரற்கடை ஏறியிருந்தது.

"எனக்கே ஒண்ணும் புரியல ஐயா. நீங்க இங்க இல்லன்றாங்க. அங்க போய்க் கேட்டா அங்கயும் இல்லம்பாங்க."

"அப்ப இந்தக் காலு யாருது?"

அதற்கு டேப்பில் கட்டம் இல்லை.

மெட்ராசில் உப்பைக் கொட்டினார்கள். இரவோடு இரவாக விதிமுறையும் கொட்டிக் கவிழ்ந்தது. மரக்காணத்தில் ஒரு வழக்கம் உண்டு. உப்பு முதலாளிக்கு, ஓலை வேய்ந்தவனுக்கு. எந்த ஊருக்கு ஓலை போனாலும் லாரிக்காரன் அதைத் திருப்பிக் கொண்டுவந்து வேய்ந்தவன் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த லோடு கிடையாது. ஆகவே மறுநாள் ஓலை வண்டியேறித் திரும்பியது. பலகையும் கூடவே வந்தது. மத்தியானம் டேப் சிவப்பாகி அலறியது.

நாஜியா படித்தாள். "'வெளி மாவட்டத்திலிருந்து வருகிறார். வீடு இல்லை. முதல் உரிமை. வந்து இறங்கும் இடத்திலேயே வரவேற்றுக் கட்டில் கொடுக்கவும்.'"

"யாரு வர்றா?"

"நீங்கதான் ஐயா. நாலு மணிக்கு மெயின் ரோட்டுல எறங்குறீங்க. வாங்க, போய்க் கூட்டிட்டு வரலாம்."

தன்னை எதிர்கொண்டு அழைக்கத் தனகோடி சட்டையை மாற்றிக்கொண்டு போனார். தலை சீவினார். வருகிறவர் எப்படிப்பட்ட ஆளோ என்று உள்ளுக்குள் கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. நாலே காலுக்கு லாரி வந்து நின்றது. கிளீனர் நம்பர் பலகையோடு ஓலைக்கட்டைக் கீழே தள்ளினான். தனகோடி அதைத் தூக்கித் தோளில் வைத்தார். டேப் அவரை அடையாளம் கண்டு பச்சையானது.

"வாங்க ஐயா," என்றாள் நாஜியா. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் அவளுக்கு. "பயணமெல்லாம் எப்படி?"

"உக்கார எடம் கெடைக்கலம்மா."

வேன் கூனிமேடு போய்ச் சேர்ந்தபோது முதல் மழை இறங்கியது. விடுதியில் ஜன்னலோரமாக ஓர் இரும்புக்கட்டில், வெளுத்த விரிப்பு, தலைமாட்டில் பதினேழு என்ற நம்பர். தனகோடி ஏறிப் படுத்துக் காலை நீட்டினார். வெளியே மழை அடித்து ஊற்றியது. உள்ளே ஒரு பொட்டு ஈரம் இல்லை. பழக்கதோஷத்தில் எழுந்து கூரையை ஒரு தரம் சோதித்துவிட்டு, பரவாயில்லை, ஊசி இறங்காது என்று சொல்லி மறுபடி படுத்தார்.

டாக்டர் தினமும் வந்தார். பத்தாம் நாள் வீக்கம் வடிந்தது. பத்தொன்பதாம் நாள் புண் மேல் ரோஜா நிறத்தில் புதுத்தோல் மூடியது. சாமுண்டீஸ்வரியே பஸ் ஏறி வந்து விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். ஐந்து வந்தது. நம்பாமல் சுண்டுவிரலிலிருந்து திருப்பி எண்ணினாள். அப்போதும் ஐந்து. நாஜியா அதையும் படம் எடுத்து அருண்ராஜுக்கு அனுப்பினாள்.

தனகோடிக்கு வலது காலில் ஐந்து விரல்கள்.