பதினோராயிரத்து நாற்பத்தாறு

"பதினோராயிரத்து நாற்பத்தாறு" என்று அண்ணன் மூன்றாவது தடவையாகச் சொன்னபோது, அப்பாவின் காலுக்கு மேல் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்த அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி நகர்ந்தது.

கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அண்ணன் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து, நின்ற இடத்திலேயே அரை வட்டம் திரும்பி எல்லோருக்கும் காட்டினான். திரையில் ஒரு தங்கக் கோப்பை. அதன் கீழே 'புதிய சாதனை! வாழ்த்துகள்!' என்று எழுதியிருந்தது. சாதனை படைத்தவர் மூக்கில் பஞ்சோடு படுத்திருந்தார்.

"எழுபத்தெட்டு வயசு. நேத்து ஒரே காலைல பதினோராயிரம் அடி. கடைசி நிமிஷம் வரைக்கும் நடந்துக்கிட்டே இருந்திருக்காரு" என்றான் அண்ணன். குரலில் துக்கமும் இருந்தது, விற்பனைக் கூட்டத்தின் கம்பீரமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. இணையத்தோடு பேசும் வீட்டுச் சாமான்கள் விற்கும் நிறுவனத்தில் அவன் மண்டல மேலாளர். அவன் வீட்டில் பால் தீர்ந்துபோனால் குளிர்பெட்டி சொல்லும், உடனே வாங்கிவிடுவான். அதையே அண்ணி சொன்னால் காதில் விழாது. அப்பா அவனுக்கு வைத்திருந்த பெயர் ஹெட் ஆபீஸ்.

எதிர்வீட்டுக்காரர் மட்டும் தொண்டையைச் செருமினார். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருஷம் சங்கிலி பிடித்தவர்; எந்த எண்ணையும் சும்மா விடமாட்டார். நேற்று காலை முழுக்கத் தன் வாசலிலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்ததாகவும், அப்பா வெளியே போனதைப் பார்க்கவில்லை என்றும் சொன்னார்.

"வீட்டுக்குள்ளேயே நடந்திருப்பாரு சார்."

அளவையாளர் கூடத்தை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை கண்ணால் அளந்தார். உதடு அசைந்தது. "பதினெட்டடிக் கூடம். அப்ப ஆயிரத்து இருநூறு தரமாவது குறுக்க நடந்திருக்கணும்" என்றார், யாரையும் பார்க்காமல்.

அவள் நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அண்ணன் தலைக்கு நேர் மேலே, சுவரில், பழைய சாவிக் கடிகாரம் ஊசலை ஆட்டிக்கொண்டிருந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். நாற்பது வருஷம் அடுத்தவர்களை மேலேயும் கீழேயும் கொண்டுபோன மனுஷனுக்குக் கடைசியில் மிஞ்சியது இரண்டு தேய்ந்த முழங்கால்கள். அம்மா போனபிறகு அண்ணன் ஒரு கைப்பட்டையைக் கொண்டுவந்து அவர் மணிக்கட்டில் மாட்டினான். நடக்கிற அடிகளை எண்ணித் தன் கைப்பேசிக்கு அனுப்பும் என்றான். நாடித்துடிப்பும் பார்க்கிற மாடல் அடுத்த மாதம் வந்துவிடும் என்றான். ஒரு நிபந்தனையும் போட்டான்: ஒரு வாரம் தொடர்ந்து மூவாயிரத்துக்குக் கீழே போனால், வீட்டைப் பூட்டிக்கொண்டு அப்பா அவனோடு வந்துவிட வேண்டும். பதினாலாவது மாடிக்கு. அப்பா அந்தக் கட்டடத்துக்கு ஒரே ஒரு தரம் போய்வந்தார். லிஃப்ட் போடுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, அதன் குடும்ப ரகசியமெல்லாம் தனக்குத் தெரியும், அதில் தினமும் ஏற முடியாது என்று சொல்லிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு காலை அவள் வந்தபோது அப்பா நாற்காலியில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கைப்பட்டை கடிகாரத்தின் ஊசலில் நடந்துகொண்டிருந்தது.

"நாப்பது நிமிஷம் போதும் பாப்பா. நாலாயிரத்துச் சொச்சம் வந்துடும்" என்றார், ஒரு மோட்டாரைப் பழுது பார்த்து முடித்தவரின் திருப்தியோடு. "ஹெட் ஆபீஸுக்குச் சொல்லிடாத."

அவள் சிரித்தாள். அன்றைக்குப் பட்டையைக் கழற்ற அவர் எழுந்தபோதே மூச்சு வாங்கியது. அதையும் பார்த்தாள். டாக்டரிடம் போகலாம் என்று இரண்டு தரம் சொன்னாள். அவர் இரண்டு தரமும் அடுத்த வாரம் என்றார். பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களிடமெல்லாம் ஒன்றும் வலிக்காது என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் அவள். தனக்கும் அதையே சொல்லிக்கொண்டாள்.

நேற்று சனிக்கிழமை. பதினோரு மணிக்கு வேலை முடிந்து, பதினொன்று பத்துக்கு இங்கே வந்தாள். அப்பா நாற்காலியில் இருந்தார். பேப்பர் மடியிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது. கை தொட்டதும் தெரிந்துவிட்டது. ஊசலில் பட்டை இன்னமும் நடந்துகொண்டிருந்தது, இடமும் வலமுமாக, களைப்பில்லாமல்.

அவள் முதலில் செய்தது டாக்டரைக் கூப்பிடுவது அல்ல, அழுவதும் அல்ல. ஸ்டூலைப் போட்டு ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்து, பட்டையைக் கழற்றி, அப்பாவின் கையில் மாட்டிவிட்டாள். கொக்கி சரியாக விழ மூன்று தரம் முயற்சி செய்ய வேண்டியிருந்தது. அதற்கப்புறம்தான் அண்ணனுக்குப் போன் செய்தாள்.

அப்பாவைக் கொண்டுபோய்விட்டுத் திரும்பியபோது மணி மூன்றாகிவிட்டது. வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். அளவையாளர் கடைசியாகப் போனார். வாசலில் நின்று இன்னொரு தரம் கூடத்தைப் பார்த்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார். அண்ணி அடுக்களையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அண்ணன் அப்பாவின் நாற்காலிக்கு எதிரே, அதில் உட்காராமல், தரையில் உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் ஒரு பழுப்பு உறை. அதில் அப்பாவின் கண்ணாடியும் பட்டையும் இருந்தன. கைப்பேசி ஒரு தரம் அதிர்ந்தது. அவள் எட்டிப் பார்த்தாள். 'அப்பா இன்று இன்னும் ஓர் அடியும் நடக்கவில்லை. உற்சாகப்படுத்தலாமா?' என்று கேட்டு, கைதட்டும் படம் ஒன்றையும் காட்டியது.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்ணா" என்றாள்.

"பத்து மணிக்கு முன்னாடியே போயிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு" என்றான் அவன், உறையைப் பார்த்தபடி. "பதினொண்ணு பத்து வரைக்கும் நடந்திருக்காரு."

அவள் நின்றாள். "அந்தப் பட்டை..."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"ரெண்டாவது வாரத்துலேருந்து. நிமிஷத்துக்கு நூத்துப் பத்து. எப்பவும் நூத்துப் பத்து. முட்டி வலிக்காரரு அப்படியா நடப்பாரு?" அவன் சிரிக்கப் பார்த்தான், அது பாதியில் நின்றுவிட்டது. "நான் விக்கிற சாமான் பாப்பா அது. அது ஏமாந்தா எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன் கேக்கல?"

"கேட்டா நிபந்தனைப்படி கூட்டிட்டுப் போகணும். வருவாரா அவரு?" உறையின் வாயை மடித்தான். "தினம் ஒன்பதரைக்கு ஆரம்பிக்கும், பத்து பத்துக்கு நிக்கும். எழுந்து மாட்டியிருக்காரு, எழுந்து கழட்டியிருக்காருன்னு தெரியும்ல. அது போதும்னு இருந்தேன்."

அடுக்களையில் டம்ளர் ஒன்றின் மேல் ஒன்று உட்காரும் ஓசை கேட்டது.

"நேத்து பத்து பத்துக்கு நிக்கல" என்றான். "பாத்தேன். ஆறாயிரம் ஆச்சு, ஏழாயிரம் ஆச்சு. மீட்டிங்ல இருந்தேன். வயசானவங்களுக்கு ஏதாவதுன்னா உடனே பிள்ளைங்களுக்குச் சொல்ற புதுச் சாமான் ஒண்ணு வருது, அதப் பத்தி நான்தான் பேசிட்டிருந்தேன். கழட்ட மறந்துட்டாரு போலன்னு நெனச்சேன். சாயங்காலம் போன் பண்ணிக் கலாய்க்கலாம்னு..."

முடிக்கவில்லை. காலையில் அத்தனை பேர் முன்னால் மூன்று தரம் அந்த எண்ணைச் சொன்னவன், இப்போது அதைச் சொல்லவில்லை. அப்பாவுக்கு மூச்சு வாங்கியதைத் தான் பார்த்ததை அவளும் சொல்லத்தான் வாயெடுத்தாள். அவன் தலை குனிந்திருந்ததில், உச்சியில் முடி மெலிந்த இடம் அச்சு அசலாக அப்பாவுடையதாக இருந்தது.

"எனக்கும் மூணு மாசமாத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். அவன் தலையை ஆட்டினான்.

கடிகாரம் நான்கு அடித்தது. நான்காவது அடி தள்ளாடிக்கொண்டு, மனசில்லாமல் வந்தது.

"இன்னிக்கு ஞாயித்துக்கிழமை" என்றாள். "சாவி குடுக்கிற நாள்."

அண்ணன் எழுந்து, ஸ்டூலைப் போட்டு ஏறினான். கண்ணாடிக் கதவைத் திறந்து, கடிகாரத்தின் மேல் தடவிச் சாவியை எடுத்தான். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நூறு மைல் தள்ளியிருக்கும் வீட்டு விளக்கைக் கைப்பேசியிலேயே அணைக்கத் தெரிந்தவனுக்கு இதை எங்கே நுழைப்பது என்று தெரியவில்லை. அவள் துளையைக் காட்டினாள். அவன் நுழைத்துத் திருப்பினான். அசையவில்லை.

"அந்தப் பக்கம் இல்ல. வலது பக்கமா. மெதுவா."

"எத்தனை சுத்து?"

"பதினாலு. அதுக்கு மேல போனா கம்பி போயிடும்னு சொல்லுவாரு."

கீழே கைப்பேசி மறுபடி அதிர்ந்து, தரையில் ஒரு விரற்கடை நகர்ந்தது. அவன் திரும்பவில்லை.

"ஒண்ணு" என்றான். "ரெண்டு."

கண்ணாடிக் கதவு வந்து அவன் கையில் இடிக்காமல் அவள் பிடித்துக்கொண்டாள்.