கையை எடுத்தால்

அப்பாவைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் வைத்த வலது கையைச் சந்தோஷ் எடுக்கவே இல்லை. அவனுடைய இடது கையிலிருந்த அப்பாவின் போனைப் பெரியப்பா முனிவேல் வெடுக்கென்று பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

“அப்பன் விழுந்து கெடக்கறான், பக்கத்துலயே உக்காந்து சுட்டுக்கிட்டு இருந்திருக்கான். கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல பாருங்க. இந்தத் துப்பாக்கி கேமுதான் என் தம்பியக் கொன்னுச்சு.”

ஜூஜுவாடியின் அந்த லைன் வீட்டு வாசலில் நின்றவர்கள் ஆமாம் போட்டார்கள். வெறும் வாயை மென்றவர்களுக்கு அவல் கிடைத்துவிட்டது. அவலுக்கு வயது எட்டு.

மாதேஸ்வரியால் மறுக்க முடியவில்லை. அவளும் பார்த்தாள்தானே. நேற்று நைட் ஷிப்ட் முடிந்து வந்த கணவன் வெங்கடப்பனுக்குச் சோறு எடுத்துவைத்துவிட்டுத்தான் அவள் கம்பெனி பஸ் ஏறினாள். பள்ளிக்கூடம் லீவு. சாயந்திரம் திரும்பியபோது அவன் தரையில் கிடந்தான். பக்கத்தில் மகன் அவன்மேல் கைவைத்து முட்டி போட்டிருந்தான். சார்ஜரில் கிடந்த போனில் கேம் திறந்தே இருந்தது. உடனே கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு நஞ்சம்மா நாள் முழுக்க வீட்டில்தான் இருந்தாள்.

கொள்ளி வைக்கிறவன் குளிக்க வேண்டும் என்று மகனைக் குளியலறைக்கு இழுத்துப்போனாள். கதவைச் சாத்திவிட்டுத் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஏன்டா யாரையும் கூப்புடல? நஞ்சம்மா அக்கா பக்கத்துலதான இருந்தாங்க?”

“கைய எடுத்தா செத்துருவாங்கம்மா.”

“என்னடா சொல்ற?”

“கேம்ல யாராச்சும் விழுந்துட்டா, கூட இருக்கறவங்க முட்டி போட்டு உக்காந்து மேல கைய வெச்சுக் காப்பாத்தணும். பாதில எந்திரிச்சுப் போயிட்டா செத்துருவாங்க. அப்பாதான் சொல்லிக் குடுத்தாரு.” அவன் உதடு கோணியது. “நான் விழுந்தப்ப எல்லாம் அப்பா என்ன உட்டுட்டுப் போனதே இல்ல. நானும் போகல. நீதாம்மா வந்து இழுத்துட்ட.”

மாதேஸ்வரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். இதை யாரிடம் சொல்வாள்? சொன்னால் செத்தவனையும் சேர்த்துத் திட்டுவார்கள். திட்டிவிட்டுப் போகட்டும். ஒருநாள் இவனுக்கே விவரம் தெரியுமே, அன்றைக்கு இவன் எப்படித் தாங்குவான்? அவள் தண்ணீர் மொண்டு அவன் தலையில் ஊற்றினாள்.

“வண்டி வந்திருச்சு, பெட்டியத் தெறங்க,” என்று வெளியே முனிவேல் குரல் கொடுத்தார்.

சந்தோஷ் ஈரத்தலையோடு ஓடிப்போய் மறுபடியும் முட்டி போட்டுக் கண்ணாடியில் கையை வைத்தான்.

“அவனப் புடிச்சு இழும்மா, நேரமாவுது.”

“இருங்க மாமா.”

அவளும் மகன் பக்கத்தில் முட்டி போட்டாள். அவன் கையை ஒட்டித் தன் உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தி வைத்தாள்.

“நீ எடுத்துக்க சாமி. அம்மா வெச்சிருக்கேன்.”

அவன் அவள் கையையே பார்த்தான். நன்றாகப் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, மெல்லத் தன் கையை எடுத்தான். தூக்க வந்தவர்கள் அவளுக்காகக் காத்து நின்றார்கள்.