தலைவருக்கு ஒரு காது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் மூளையில் உதித்ததல்ல. ஒரு கல்யாண வீட்டில் பசியோடு உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. கொடுத்தவள் புர்மகான், எங்கள் ஊர் கால்நடை மருத்துவர். அவளுக்கு நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன்.

"மலைகள் சூழ்ந்த ஒரு நாட்டில், மக்களின் கண்ணீரைத் துடைக்க ஒரு தலைவர்—" என்று தொடங்கினேன். அரசு வானொலி மாதிரி இருந்தது. அடித்துவிட்டேன்.

2

தலைவர் டிராக்டர் ஆலையில் மேஸ்திரியாக இருந்தவர். குளிர்காலம் முழுக்க நாங்கள் இருட்டில் கிடந்த வருடம் தேர்தலில் நின்றார், ஜெயித்தார், சொன்னபடி மின்சாரம் கொடுத்தார். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன். [இந்த வரியை எடுத்துவிடலாமா? வேண்டாம், இருக்கட்டும்.] பிறகு பதவிக்காலத்தை நீட்டினார். அப்புறம் பதவிக்காலம் என்ற பேச்சையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார். ஏன் என்று கேட்கச் சதுக்கத்தில் கூடியவர்களை வண்டியில் ஏற்றினார்கள். அதில் ஒருவன் புர்மகானின் தம்பி பெக்தூர். எந்தச் சிறை என்றுகூட அவளுக்குச் சொல்லவில்லை.

3

எங்கள் ஊர் ஷேய்ஷெனின் மகளுக்குக் கல்யாணம். மாவட்ட அதிகாரி வருகிறார் என்றதும் மனிதர் பயத்தில் தலைவரின் படத்தைக் கொண்டுபோய், வாசலுக்கு எதிரே முதல் மரியாதைக்குரிய இடத்தில் மெத்தை போட்டுச் சாய்த்துவிட்டார். அந்த இடத்தில் இருப்பவருக்குத்தான் ஆட்டுத்தலை. அவர் அதில் கத்தி வைத்த பிறகுதான் மற்றவர்கள் இறைச்சியைத் தொடலாம்.

படம் எங்கே கத்தி பிடிக்கும்? தட்டுகளில் கொழுப்பு உறையத் தொடங்கியது.

"யாராவது அவருக்குப் பதிலா வெட்டுங்களேன்," என்று ஷேய்ஷென் கெஞ்சினார்.

"தலைவருக்குப் பதிலாவா? யாரு அது?" என்றார் அதிகாரி.

"ஐயோ, நான் சும்மா சொன்னேங்க!"

"நல்ல ஆளைக் கூப்ட்டு உக்கார வச்சீங்கண்ணே," என்றாள் புர்மகான். "தானும் சாப்பிட மாட்டாரு, நம்மளையும் சாப்பிட விடமாட்டாரு."

"வாயை மூடும்மா! அவர் வந்தப்புறம்தானே கரண்ட் வந்துச்சு?" என்று பதறினார் ஷேய்ஷென்.

"வந்துச்சுண்ணே. என் தம்பிதான் இன்னும் வரலை."

4

(அவள் அழுததாக ஒரு வரைவில் எழுதியிருந்தேன். படித்துவிட்டு, "நான் எங்கடா அழுதேன்? கத்தியைக் கழுவிட்டு வந்தேன்," என்று திட்டினாள்.)

கத்தியைக் கழுவிக்கொண்டு வந்தாள். படத்தின் முன் மண்டியிட்டு ஆட்டின் காதை அறுத்தாள். எங்கள் வழக்கத்தில் காது பிள்ளைகளுக்கு. சொன்ன பேச்சைக் கேட்கட்டும் என்று கொடுப்போம். அவள் அதைத் தலைவர் முன்னால் வைத்தாள்.

"ஐயா, இது உங்களுக்கு. இனிமே நல்லாக் காது கொடுத்துக் கேக்கணும்னு வாழ்த்துறேன். பெக்தூர் எங்கய்யா? அவன வீட்டுக்கு அனுப்புங்க."

வாழ்த்து முடிந்தால் எங்கள் கைகள் தாமாக எழும். எல்லோரும் அப்படியே ஆகட்டும் என்று உள்ளங்கை ஏந்தி முகத்தைத் தடவிக்கொண்டோம். ஷேய்ஷெனும்தான். அதிகாரியும்தான். எதற்குத் தடவினோம் என்று அவருக்கு உறைத்தபோது கை தாடைவரை இறங்கியிருந்தது.

5

எழுதிப் பார்த்த ஒரு முடிவில் மறுநாள் அவளைக் கூட்டிப்போகிறார்கள். இன்னொன்றில் அதிகாரி மனம் திருந்தி— சே, அடித்துவிட்டேன். நான் பார்த்தது இவ்வளவுதான்: அவர் தட்டை இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார். தானும் கை ஏந்தியதை மேலிடத்துக்கு எப்படிச் சொல்வார்? நாங்களும் சாப்பிட்டோம். பல வருடங்களுக்குப் பிறகு பயமில்லாமல் என் தொண்டையில் இறங்கிய சாப்பாடு அது. நன்றி, புர்மகான். உன்னால் கிடைத்தது.

"கதையிலயாவது அவன வர வைடா," என்றாள் அவள். கதையில் அவள் வீட்டுக் கதவு தட்டப்படும் இடம்வரை எழுதினேன். அதற்கு மேல் பேனா ஓடவில்லை. பொய்யான தம்பியை அவள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

பெக்தூர் வந்தானா என்று என்னைக் கேட்காதீர்கள். நாங்கள் தலைவரைக் கேட்டுவிட்டோம். நீங்களும் அவரையே கேளுங்கள்.